யோகக்காவுக்குப் பிடிக்காத கடைசி அத்தியாயங்கள்

செய்தி வந்தபோது நான் இணுவிலில், யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அழைத்தவர் பரமேசக்கா, யோகக்காவின் தங்கை. இரண்டு பேரும் வல்வெட்டித்துறையில் ஒரே வீட்டில் இருந்தவர்கள். பரமேசக்கா எனக்குத் தொலைபேசி எடுப்பது அபூர்வம். எடுத்தாலும் "அக்கா கதைக்கப் போறாவாம்" என்று சொல்லி உடனே கைமாற்றிவிடுவார். அன்றைக்குக் கைமாற்றவில்லை.

"தம்பி, அக்கா போட்டா" என்றார். "காலமை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவா. அப்பிடியே கதிரையிலை சரிஞ்சிட்டா."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. என்ன கேட்பதென்று தெரியாமல், "கையிலை புத்தகம் இருந்ததோ?" என்று கேட்டேன். கேட்கிற கேள்வியா அது? ஆனால் நம் பேய்க்கதை வட்டத்தில், இங்கே இருக்கும் உங்களில் யாரென்றாலும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

"ஓம், உங்கடை கண்டறியாத பேய்ப் புத்தகம் ஒண்டு" என்று சொல்லி அழத் தொடங்கினார். அழுது ஓய்ந்ததும் காரியத்துக்கு வந்தார். பேப்பருக்கும் ரேடியோவுக்கும் மரண அறிவித்தல் கொடுக்க வேண்டும், நீங்கள்தானே எழுதுகிற ஆள், எழுதித் தாருங்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அண்ணைக்கு முன்னாலை என்ன போடுறது?"

மரண அறிவித்தல் எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போனவரின் உறவுகளை வரிசையாக எழுதும்போது, ஏற்கெனவே இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவோம். உயிரோடு இருப்பவர்களின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் நாட்டைப் போடுவோம். முன்னால் ஒன்று, அல்லது பின்னால் ஒன்று. வேறு வழி இல்லை. யோகக்காவின் அண்ணை சந்திரசேகரம் சண்டைக் காலத்தில் ஒரு காலை படகெடுத்துக்கொண்டு போனவர். அவரும் திரும்பவில்லை, படகும் திரும்பவில்லை, ஒரு செய்தியும் வரவில்லை. அவர் செத்துவிட்டார் என்று தன் முன்னால் யாரையும் சொல்ல யோகக்கா விட்டதில்லை. இப்போது தடுக்க அவர் இல்லை. அந்தச் சொல்லைப் போடுவதா, விடுவதா?

பின்னேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பஸ் தரிப்பிடத்திலிருந்து வல்வெட்டித்துறை போய்ச் சேரும் வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யோகக்கா பேய்க்கதைகளைப் பற்றிச் சொன்ன அபிப்பிராயங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டு போனேன். அண்ணையைப் பற்றி அவர் நேராகச் சொன்னது மிகவும் கொஞ்சம். கதைகளைப் பற்றிச் சொன்னது ஏராளம்.

அவர் நம்மிடம் முதன்முதல் வந்த நாள் பலருக்கு நினைவிருக்கும். திருநெல்வேலியில், சந்தைக்குப் பின்புறம் நடேசன் மாஸ்டர் வீட்டு விறாந்தையில் மாதம் ஒருமுறை கூடிப் பேய்க்கதை வாசித்துக்கொண்டிருந்தோம். ஊரில் நமக்கு இருந்த பட்டப்பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை. அன்றைக்கு என் முறை. வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், பாழ்வளவு, கிணற்றடி என்று ஒன்றும் குறையாமல் போட்டு ஒரு கதை வாசித்தேன். தனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்றார் மாஸ்டர். கதவோரத்தில் குடையை மடியில் வைத்துக்கொண்டு புதிதாக ஒருவர் இருந்தார். அரச ஆஸ்பத்திரியில் மருந்தாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். எல்லோரும் பாராட்டி முடியும்வரை பொறுத்திருந்து அவர் கேட்டார்.

"தம்பி, உம்மடை பேய்க்குப் பசிக்காதே?"

"பேய்க்கு என்னண்டு அக்கா பசிக்கும்?"

"எங்கடை ஆக்கள் செத்தால் எட்டாம் நாள் அவைக்கு விருப்பமானதைச் சமைச்சுப் படைக்கிறம். கணவாய்க் கறி விருப்பமெண்டால் கணவாய்க் கறி. சுருட்டு விருப்பமெண்டால் சுருட்டு. அப்ப செத்தவைக்குப் பசிக்குமெண்டுதானே அர்த்தம்? உம்மடை மனிசி செத்து எத்தினை வருஷமாய்க் கிணத்தடியிலை நடக்கிறா, ஒரு வாய் தண்ணி கேக்கேல்லை. உவ எங்கடை பேய் இல்லை. நீர் படத்திலை பாத்த பேய்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "எங்கடை இணுவில் பேய் சைவம் அக்கா" என்றேன். "அப்ப கத்தரிக்காய்க் குழம்பு கேக்கட்டும்" என்றார் அவர். "கேக்காட்டில் அது பேய் இல்லை, யன்னல் சீலை." வீடு திரும்பும் வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு போனேன். அடுத்த மாதம் அவர் வருவாரா என்று மாஸ்டரிடம் முதல் ஆளாக விசாரித்தவனும் நான்தான்.

அவர் வாசித்த வேகம் நமக்குத் தெரியும். நம் பிள்ளைகள் இந்தியாவிலிருந்து எடுப்பித்த புத்தகம், கம்பஸ் மாணவர்கள் இணையத்தில் எழுதிய கதை, மொழிபெயர்ப்பு, எதையும் விடமாட்டார். தட்டச்சு செய்யப் பொறுமை இல்லாததால் வட்ஸ்அப்பில் குரலில்தான் அபிப்பிராயம் வரும். பின்னால் கோழி கத்தும், பரமேசக்கா கறிக்கு உப்புப் பார்க்கக் கூப்பிடுவார், இவர் நிறுத்தாமல் ஒரு நாவலை உரித்துக்கொண்டிருப்பார். யூரியூப்பில் பேய்க்கதை சொல்லும் ஒருவரை நான் அனுப்பிவைத்தபோது வந்த பதில் ஒரு வரி: "சத்தம் போட்டால் நாயும் திடுக்கிடும், அதுக்குக் கதை எதுக்கு?"

தமிழ்நாட்டில் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு தடித்த நாவல் நம் கைக்கு வந்தது. மலை உச்சியில் பங்களா, மழை, ஒவ்வொரு அத்தியாயத்திலும் கரண்ட் போகும். நாம் எல்லோரும் புகழ்ந்தோம். யோகக்கா அதை வாங்குப் பலகையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "கரண்ட் போறதுக்குப் பயப்பிடுற ஆக்களுக்கு எழுதினது இது. எங்களுக்குக் கரண்ட் வந்ததெல்லே பயம்." பிறகு அந்தக் கதையைச் சொன்னார். சண்டையால் கரண்ட் இல்லாமல் வருடக்கணக்காக ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில் இருந்த வீட்டுக்கு ஒருநாள் மறுபடியும் கரண்ட் வந்தது. சந்தோஷத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பெரிய வெளிச்சத்தில் திரும்பித் தாயைப் பார்த்திருக்கிறார்.

"ஆரோ ஒரு கிழவி எங்கடை வீட்டுக்குள்ளை நிக்கிறா எண்டு திடுக்கிட்டுப் போனன் தம்பி. அம்மா என்னைப் பாத்த பார்வையிலையும் அதேதான் கிடந்தது. உதை எழுதச் சொல்லும் அந்த எழுத்தாளரை."

மாஸ்டர் எழுந்து போய்த் தேநீர் கொண்டுவந்தார்.

குறை மட்டுமே சொல்லும் ஆள் என்று அவரைப் பற்றிச் சிலர் நினைத்திருக்கலாம். அது சரியில்லை. கம்பஸ் மாணவி ஒருத்தி எழுதிய சின்னக் கதை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் முழுவதும் பேசினார். அந்தக் கதையில், செத்துப்போன கணவன் வழக்கமாக வரும் நேரத்துக்குச் சைக்கிளை வெளியே நிறுத்தும் சத்தம் மனைவிக்குத் தினமும் கேட்கும். அவள் அதற்குப் பயப்படுவதில்லை. பழகிவிடுகிறாள். ஒருநாள் அந்தச் சத்தம் கேட்காமல் போகிறது. அன்றைக்குத்தான் அவள் பயந்து அயல் வீட்டுக்கு ஓடுகிறாள். கதை அவ்வளவுதான். "இவளுக்குத் தெரிஞ்சிருக்குது" என்று யோகக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். "வாறதிலை பயம் இல்லை, பிள்ளையள். இனி வராது எண்டு முடிவாகிற இடத்திலைதான் பயம் கிடக்குது."

அதனால்தான் கதைகளின் முடிவுகளோடு அவருக்குச் சரிவரவில்லை. எந்த நாவலை எடுத்தாலும் கடைசி அத்தியாயத்தில் பூசாரியோ பாதிரியாரோ வந்து ஆவிக்குச் செய்ய வேண்டியதைச் செய்து அனுப்பிவைப்பார். நம் எழுத்தாளர்கள் என்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு எல்லோரும் போகிற கீரிமலைக் கடற்கரைதான். "எல்லாப் பேயையும் கடைசியிலை கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டுபோய் முழுக வார்த்து அனுப்பிவிடுறியள்" என்பார். "எழுதுறவனுக்கு வீட்டை போக அவசரம்." என் கதைகளில் பாதி அப்படித்தான் முடிந்தன. அவர் சொல்லும்போது நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் அபிப்பிராயம் சொல்லாமல் திருப்பித் தந்தார். ஏதோ குளிர்நாட்டு நாவலின் மொழிபெயர்ப்பு. காணாமல் போன மகன் பல வருடங்களுக்குப் பிறகு வீடு திரும்புகிறான். ஊர் முழுக்கக் கொண்டாடுகிறது. தாய் மட்டும் இவன் என் மகன் இல்லை என்று கதவைத் திறக்க மறுக்கிறாள். கூட்டத்தில் கேட்டேன். "பேந்து சொல்லுறன்" என்றார். குரல் பதிவும் வரவில்லை. யோகக்கா ஒரு புத்தகத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. பஸ் ஏறி வல்வெட்டித்துறைக்கே போய்விட்டேன்.

மத்தியான நேரம். பரமேசக்கா குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். யோகக்கா என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, தானும் இருந்து, தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தத் தாய் கதவைத் திறக்கேல்லை. அவள் செய்தது சரி, வந்தது மகன் இல்லைத்தான், அது வாசிக்கிற எல்லாருக்கும் விளங்குது. எனக்கும் விளங்கினது. ஆனால் தம்பி, நானெண்டால் திறந்திருப்பன். பேயெண்டாலும் வா எண்டு உள்ளை எடுத்திருப்பன். உதை நினைக்க எனக்கு என்னிலையே பயம் வந்திட்டுது. எழுதினவன் கெட்டிக்காரன். இனிமேல் உப்பிடிப் புத்தகம் எனக்குத் தராதையும்."

அப்போதுதான் அண்ணையின் கதையைச் சொன்னார். நல்ல நீச்சல்காரர். கடலை அறிந்தவர். கரையில் நின்று அவரோடு கடைசியாகக் கதைத்தவர்களுக்கு எதுவும் தெரியாது. எங்கெங்கோ விசாரித்தார்கள். எவரும் கண்டதில்லை. "கண்டவன் ஒருத்தன் வந்து சொல்லட்டும், நான் அழுறன்" என்றார் யோகக்கா. "ஒருத்தனும் காணாமல் நான் ஏன் அவரைச் சாக்காட்ட வேணும்?"

குசினியிலிருந்து பரமேசக்கா அகப்பையோடு வெளியே வந்துவிட்டார். அவரை அவ்வளவு கோபமாக நான் கண்டதில்லை.

"கேளுங்கோ தம்பி நியாயத்தை. செத்தவைக்குப் பசிக்கும் எண்டு உங்கடை கூட்டத்திலை சொல்லித் திரியிறது இவதானே? அண்ணைக்கு மட்டும் பசிக்காதாம். இத்தினை வருஷமாய் ஒரு பிடி சோறு படைக்க விடுறா இல்லை. எனக்கு அவர் கனவிலை வாறார். வந்து படியிலை இருக்கிறார். ஒண்டும் கதைக்கிறாரில்லை. வெறும் வயிறு எண்டு எனக்குத் தெரியுது."

யோகக்கா குரலை உயர்த்தவில்லை. "உயிரோடை இருக்கிறவனுக்கு எட்டாம் நாள் சோறு படைச்சால், பரமேசு, பிறகு அவன் எந்த வாசலுக்கு வாறது?"

பரமேசக்கா உள்ளே போனார். எண்ணெய் தீய்ந்த மணம் வந்தது. அந்த வீட்டில் இரண்டு பயங்கள் ஒன்றாகக் குடியிருந்தன. ஒருவருக்கு, அண்ணை செத்தும் பசியோடு அலைகிறாரோ என்ற பயம். மற்றவருக்கு, உயிரோடு இருப்பவரைச் செத்தவராக்கிவிடுவோமோ என்ற பயம். இரண்டில் எது சரி என்று சொல்ல நான் யார்? பொரித்த மீனோடு சோறு சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இதற்குப் பிறகும் புத்தி வராமல், படகோட்டி ஒருவர் கடலில் செத்து வீட்டுக்கு வரும் நாவல் ஒன்றை எழுதி அவரிடம் கொடுத்தேன். நான் அதைத் தொடங்கியது அவரை அறிவதற்கு முன்பே. ஆனாலும் கொடுக்கும்போது கை கூசியது. அவர் வாசித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "உந்த மனிசன் செத்தது ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் அக்கா. நான்தானே எழுதினனான்."

"உமக்கு மட்டும் தெரிஞ்சால் போதுமோ? அவன்ரை பெண்சாதிக்கு ஆர் சொன்னது?" கடைசி அத்தியாயத்தில் மனைவி கீரிமலையில் கருமம் செய்விக்கிறாள், படகோட்டி அமைதியாகக் கடலுக்குள் போகிறார். அந்தப் பக்கங்களை அவர் தனியாகப் பிரித்து என் கையில் தந்தார். "இதை எடுத்துவிடும்."

"வாசிக்கிற சனம் நிம்மதியாய் நித்திரை கொள்ள வேணும் அக்கா."

"ஏன்? நான் கொள்ளுறனோ?"

அந்த நாவல் இன்னமும் என் மேசையில் கிடக்கிறது. அந்தப் பக்கங்கள் அதற்குள் இருக்கின்றனவா வெளியில் இருக்கின்றனவா என்று நானே தினமும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் நினைத்துக்கொண்டு செத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பரமேசக்கா என்னை உள் அறைக்குக் கூப்பிட்டார். தன் பக்கத்தை அவர் தெளிவாகவே சொன்னார். அக்கா இருக்கும்வரை அவவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டேன், இனி முடியாது. எனக்கும் வயது போகிறது. காலஞ்சென்ற என்று போடுங்கள். அக்காவின் அந்தியேட்டியோடு அண்ணைக்கும் சேர்த்துச் செய்துவிட்டால் என் கடமை முடியும் என்றார். நான் யோகக்காவின் பக்கத்தைச் சொன்னேன். அவர் உடல் அடுத்த அறையில் கிடக்க, அந்தச் சொல்லைப் போட என் கை வராது என்றேன். கடைசியில் இருவரும் களைத்து ஓர் இணக்கத்துக்கு வந்தோம். முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை. வெறும் 'சந்திரசேகரம்'. அதற்கு அடுத்ததாகக் கடைசித் தம்பி, 'ரவீந்திரன் (கனடா)'.

"சனம் கேக்கும்" என்றார் பரமேசக்கா.

"கேக்கட்டும்" என்றேன். தொடர்புக்கு என் கைத்தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன்.

அடுத்த நாள் பேப்பரைத் திறந்து பார்த்தேன். 'சந்திரசேகரம் (கனடா), ரவீந்திரன் (கனடா)' என்று அச்சாகியிருந்தது. பேப்பர் கந்தோருக்கு எடுத்தேன். அறிவித்தல் பகுதியில் இருந்தவர் மிகவும் பணிவாகப் பதில் சொன்னார். "பேருக்குப் பின்னாலை நாடு விடுபட்டுப் போச்செண்டு நினைச்சனாங்கள் ஐயா. மற்றச் சகோதரம் கனடா எண்டு கிடந்தது, அதுதான் நாங்களே திருத்திப் போட்டனாங்கள்." நல்ல மனதோடு செய்தது. நம் ஊரில் எவர் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். செத்ததாகவும் சொல்லாத, நாடும் போடாத ஒரு சகோதரனை அந்தக் கதிரையில் இருப்பவர் எங்கே கண்டிருப்பார்? நாளைக்கே திருத்தம் போட்டுவிடலாம் என்றார். வீட்டாரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

வைத்த கையோடு தொலைபேசி அடித்தது. லண்டனிலிருந்து ஒருவர், அறிவித்தலை இணையத்தில் கண்டு எடுத்திருந்தார். சந்திரசேகரத்தோடு ஒன்றாகப் படித்தவராம். அனுதாபம் சொல்லக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

"சந்திரன் கனடாவிலையே? ஐயோ, நாங்கள் அவன் முடிஞ்சான் எண்டெல்லே நினைச்சிருந்தனாங்கள். நம்பரைத் தாங்கோ, இப்பவே எடுக்கிறன்."

உண்மையைச் சொன்னேன். "அப்ப பிழையாய்ப் போட்டிட்டாங்களே?" என்றார். "ஓம்" என்றேன். "சரி" என்றார். வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். "ஆனாலும் அண்ணை, கனடாப் பக்கம் ஒருக்கால் விசாரிச்சுப் பாருங்கோவன்" என்றார். அவர் தெளிந்த புத்தியுள்ள மனிதர், குரலிலேயே தெரிந்தது. அப்படி ஒருவரையே அந்த அச்சு அரை நிமிடத்தில் என்ன செய்துவிட்டது பாருங்கள்.

அன்று பின்னேரமே பரமேசக்காவிடம் போனேன். பேப்பரை மடித்துக் கையில் வைத்திருந்தேன். நடந்த பிழையை விளங்கப்படுத்தி, மன்னிப்புக் கேட்டு, நாளைக்குத் திருத்தம் வரும் என்றேன். உங்கள் விருப்பப்படி 'காலஞ்சென்ற' என்றே போடச் சொல்கிறேன், இனி நான் மறிக்கவில்லை என்றும் சொன்னேன். இவ்வளவு குழப்பத்தை உண்டாக்கிய பிறகு எனக்கு வேறென்ன வாய் இருக்கிறது?

அவர் என்னைப் பார்க்காமல் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"திருத்தம் ஒண்டும் வேண்டாம் தம்பி."

"ஏன் அக்கா?"

"காலமை துறைமுகப் பக்கத்திலையிருந்து ஆக்கள் வந்தவை. பேப்பரைப் பாத்திட்டு வந்து, அண்ணை சுகமாய் இருக்கிறாரோ எண்டு கேட்டவை. இத்தினை வருஷத்திலை ஒருத்தரும் என்னட்டை அப்பிடிக் கேக்கேல்லை. பாவம், ஐயோ, எண்டுதான் சொல்லுவினம். சுகமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஓம், சுகமாய் இருக்கிறார் எண்டு சொல்லிப்போட்டன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு பயமாகவும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. இத்தனை காலம் சோறு படைக்கத் துடித்த மனிதர் இவர். எந்தப் புத்தகமும் வாசிக்காதவர், எந்தப் பேச்சுக்கும் மசியாதவர். அவரிடம் ஒரு கேள்வி வந்து, அவர் ஒரு பதில் சொல்லி, அண்ணை மறுபடியும் எங்கோ இருக்கத் தொடங்கிவிட்டார். இதை நான் கதையாக எழுதிக் கொண்டுபோயிருந்தால் "நம்பேலாது தம்பி" என்று யோகக்கா திருப்பித் தந்திருப்பார். அல்லது, கதிரையில் நிமிர்ந்து இருந்து, மேலே வாசியும் என்றிருப்பார். எது என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்க முடியாது என்பதுதான் இந்த ஒரு மாதமாக என்னை ஓரிடத்தில் இருக்கவிடாமல் செய்கிறது.

முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குப் போனோம். உங்களில் சிலரும் வந்திருந்தீர்கள், ஆனால் கரையில் எங்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் குறைவு. கருமம் செய்யக் கடைசித் தம்பி ரவி கனடாவிலிருந்து வந்திருந்தார். ஐயர் தர்ப்பையைக் கொடுத்து, குடும்பத்தில் முன்பு போனவர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னார். ரவி தகப்பன் பெயரைச் சொன்னார். தாயின் பெயரைச் சொன்னார். ஐயர் கை நீட்டியபடி, "வேறை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார். ரவி திரும்பித் தமக்கையைப் பார்த்தார். வெயில் கண்ணில் குத்தியது. அலை வந்து எங்கள் காலை நனைத்துவிட்டுப் போனது.

"இல்லை ஐயா" என்றார் பரமேசக்கா. "அவ்வளவுதான்."

ஐயர் தலையாட்டிவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். யோகக்காவின் சாம்பலை ரவி கடலில் விட்டார்.

யோகக்காவிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று இந்தக் கூட்டத்தில் சொல்லச் சொல்லி மாஸ்டர் கேட்டார். அவர் வாசித்த புத்தகங்களைப் பரமேசக்கா வட்டத்துக்கே தந்துவிட்டார், அவை எல்லோருக்கும். எனக்கென்று மிஞ்சியதைச் சொல்கிறேன். அந்த அறிவித்தலை யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டார்கள், அதில் என் எண் கிடக்கிறது. இன்னமும் அழைப்புகள் வருகின்றன. தெரியாத வெளிநாட்டு எண் என்றால் முன்பெல்லாம் நான் எடுக்கவே மாட்டேன். இப்போது எதையும் விடுவதில்லை. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, 'ஹலோ' என்று சொல்லாமல் நிற்கிறேன். அனேகமாக யோகக்காவிடம் மருந்து வாங்கிய யாரோ, அனுதாபம் சொல்ல எடுத்திருப்பார். ஆனால் மறுபக்கத்தில் இருப்பவர் வாய் திறப்பதற்கு முன் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதில் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. அந்த அண்ணையின் குரல் வரக்கூடாது என்றும் இருக்கிறது, வந்துவிட வேண்டும் என்றும் இருக்கிறது. இத்தனை பேய்க்கதை எழுதியும் எனக்குக் கைவராத பயம் அது. யோகக்கா அதோடுதான் இத்தனை வருடம் சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வாசித்தார், நம்மோடு சிரித்தார். அதைத்தான் நான் வைத்திருக்கிறேன்.